வீட்டுக்கூடம் கடையாகும்போது குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

நவராத்திரியும் தீபாவளியும் நெருங்கும் மாதங்களில் மும்பையின் மாட்டுங்கா, செம்பூர், தாராவித் தமிழர் வீடுகளுக்கு இரண்டு வகை அழைப்புகள் வருகின்றன. ஒன்று, கொலு பார்க்க. மற்றொன்று, “ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வாங்க மதினி, சின்னதா ஒரு டெமோ வெச்சிருக்கேன். வாங்கணும்னு கட்டாயமே இல்ல” என்று வாட்ஸ்அப்பில் வருவது. அழைப்பவர் நாத்தனாராக இருப்பார், சித்தி மகளாக இருப்பார், எதிர் வீட்டு மாமியின் மருமகளாக இருப்பார். போனால் கூடத்தில் பாய் விரித்திருக்கும். நடுவில் பளபளப்பான கேட்லாக், நாலைந்து சாம்பிள் டப்பாக்கள் அல்லது முகப்பூச்சு வகைகள், ஓரத்தில் ஆர்டர் எழுதும் நோட்டு.

இந்தக் கூட்டத்தை நடத்தும் பெண்ணுக்குக் கம்பெனி பயிற்சி கொடுக்கிறது. அவருடைய குடும்பத்துக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனால் நாம் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். அவர் மனம் நோகக் கூடாது என்று தேவையில்லாத ஒரு டப்பாவை வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். அல்லது, “இந்த வேலையெல்லாம் உனக்கு எதுக்கு?” என்று கேட்டு முடித்துவிடுகிறோம். இரண்டாலும் அவருக்கு நன்மை இல்லை. வீட்டில் ஒருவர் வியாபாரம் தொடங்கினால் குடும்பம் செய்ய வேண்டியவை மூன்று: வேலையைப் பங்கிட்டுக்கொள்வது, கணக்கைச் சேர்ந்து பார்ப்பது, உறவினரை ஆள்சேர்ப்புச் சங்கிலியில் கோக்கச் சொல்லும்போது உறுதியாகத் தடுப்பது.

கடையில் விற்காத டப்பா

வீட்டுக்கூட்ட விற்பனைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் என்பவர் காற்றுப் புகாத மூடி கொண்ட பிளாஸ்டிக் டப்பாக்களைச் செய்தார். கடைகளில் அவை தேங்கிக் கிடந்தன. அந்த மூடியை எப்படி மூடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. மூடியின் நடுவை அழுத்தி, ஓரத்தை லேசாகத் தூக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு அழுத்த வேண்டும். யாராவது செய்து காட்டினால்தான் புரியும்.

செய்து காட்டியவர்களில் முதன்மையானவர் பிரவுனி வைஸ். கணவரைப் பிரிந்து மகனைத் தனியாக வளர்த்தவர். அக்கம்பக்கத்துப் பெண்களை ஒரு வீட்டில் கூட்டி, டப்பாவில் திரவத்தை ஊற்றி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி விற்றார். அந்த முறையின் வெற்றியைப் பார்த்து 1951-இல் டப்பர்வேர் நிறுவனம் கடை விற்பனையைக் கைவிட்டு வீட்டுக்கூட்டங்களுக்கே மாறியது. 1954-இல் ‘பிசினஸ் வீக்’ இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் ஆனார் பிரவுனி வைஸ். 1958-இல் அதே நிறுவனம் அவரை வெளியேற்றியது. அவர் பெயரில் அங்கே ஒரு பங்குகூட இல்லை.

இந்த முறை நம் நாட்டுக்கு வந்தது தாராளமயமாக்கலுக்குப் பிறகு. ஓரிஃபிளேம் 1995-இல் வந்தது. டப்பர்வேர், ஏவான் ஆகியவை 1996-இல் வந்தன. ஆம்வே 1998-இல் விற்பனையைத் தொடங்கியது. டப்பர்வேர் இந்தியாவில் பெண்களை மட்டுமே விற்பனையாளர்களாகச் சேர்த்தது. அரைத்த மாவு புளித்துப் பொங்கினாலும் வழியாத டப்பா, சாம்பார் பொடியின் மணம் போகாத டப்பா, ஆபீசுக்குக் கொண்டுபோகும் பையில் குழம்பு கசியாத டப்பா என்று நம் சமையலறைக்கு ஏற்றபடி அந்தப் பெண்கள் செய்து காட்டினார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருபது வருடத்துக்கு முன் வாங்கிய டப்பாக்கள் இன்றும் புழக்கத்தில் உள்ள வீடுகள் பல.

மும்பையில் இந்த வியாபாரம் வேரூன்றியதற்குக் காரணங்கள் உண்டு. இங்கே ஒரு பெட்டிக்கடை போடக் கேட்கும் டெபாசிட் சாதாரணக் குடும்பத்தால் நினைத்துப் பார்க்க முடியாதது. சின்னக் குழந்தையும் வயதான மாமியாரும் இருக்கும் வீட்டிலிருந்து லோக்கல் ரயிலில் ஏறி வேலைக்குப் போவது எல்லாப் பெண்களுக்கும் கூடிவருவதில்லை. வீட்டுக்கூடமே கடை, தெரிந்தவர்களே வாடிக்கையாளர்கள், முதல் போடுவது குறைவு என்னும்போது இந்த வாய்ப்பு கவர்கிறது. நான் அறிந்த பல பெண்கள் தம் பெயரில் முதல் வங்கிக் கணக்கைத் திறந்ததும், பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று பேசியதும் இந்த வியாபாரத்தால்தான். இதை மட்டமாகப் பேசுவோர் அந்த மாற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வியாபாரம் மொய்யாகிவிடக் கூடாது

பெரும்பாலான கூட்டங்கள் தோற்பதற்குக் காரணம், அழைக்கப்படுவோர் எல்லோரும் உறவுக்காரர்களாக இருப்பதுதான். அவர்கள் மொய் எழுதுவது போல வாங்குகிறார்கள். இவள் கூட்டத்தில் நான் ஐந்நூறுக்கு வாங்கினால், என் மகள் கூட்டம் வைக்கும்போது இவள் ஐந்நூறுக்கு வாங்க வேண்டும். பணம் குடும்பத்துக்குள்ளேயே சுற்றும், லாபம் வெளியே போகும். இரண்டு சுற்று முடிந்ததும் எல்லோர் வீட்டிலும் அதே டப்பா இருக்கும். மூன்றாவது அழைப்புக்கு எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும். விற்றவருக்கோ, ‘சொந்தக்காரங்களே கைவிட்டுட்டாங்க’ என்ற மனவருத்தம்.

எனவே குடும்பம் செய்யக்கூடிய முதல் உதவி, அழைப்புப் பட்டியலை மாற்றுவது. உறவினர் இரண்டு மூன்று பேர் போதும். மற்றவர்கள் வெளியாட்களாக இருக்கட்டும். கணவரின் ஆபீஸ் நண்பர்களின் மனைவியர், மகனின் பள்ளித் தோழர்களின் அம்மாக்கள், பக்கத்து விங்கில் இருக்கும் மராட்டிக் குடும்பம், கீழ்த்தளத்துக் குஜராத்திப் பாட்டி, பிஷியில் சேர்ந்து சீட்டுக் கட்டும் தோழிகள் என்று வட்டம் விரிய வேண்டும். அந்த வட்டங்களுக்குள் அவர் தானாகப் போக முடியாமல் இருக்கலாம். கணவரும் பிள்ளைகளும் அறிமுகப்படுத்த முடியும். மும்பையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மராட்டியும் இந்தியும் சரளம். ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த அம்மாவுக்கு அந்த மொழிகளில் நாலு வாக்கியம் சொல்லிக் கொடுத்து, கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் அது பெரிய துணை.

இரண்டாவது, நாளும் நேரமும். மாதத்தின் கடைசி வாரத்தில் யாரும் ஆர்டர் கொடுக்க மாட்டார்கள். சம்பளம் வந்த முதல் பத்து நாட்களுக்குள் வைப்பதே நல்லது. ஞாயிற்றுக்கிழமை என்றால் ரயில்வே அறிவிக்கும் மெகா பிளாக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹார்பர் பாதையில் வண்டி இல்லாத மதியத்தில் செம்பூர் வீட்டுக்கு வடாலாவிலிருந்து யார் வருவார்? தாராவியில் என்றால் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைத் தவிர்க்க வேண்டும். அந்த நேரத்தில் எந்தப் பெண்ணாலும் கேட்லாக்கைப் புரட்டிக்கொண்டு உட்கார முடியாது.

மூன்றாவது, கூட்டம் நடக்கும் அந்த இரண்டு மணி நேரம். தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில் வீடு என்பது பெரும்பாலும் ஒரே அறை. கட்டில், பீரோ, அடுப்பு மேடை எல்லாம் அதற்குள்ளேதான். பத்துப் பேர் உட்கார வேண்டுமானால் வீட்டு ஆண்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வெளியே போயாக வேண்டும். காபியும் பலகாரமும் வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். விற்கும் பெண்ணே அடுப்புக்கும் பாய்க்கும் இடையே ஓடினால் டெமோ நடக்காது, பலகாரம்தான் நடக்கும். செய்து காட்டும் இடத்தில் மாமியாரை உட்காரவைத்தால் இன்னும் சிறப்பு. டப்பாவில் தண்ணீர் ஊற்றி, மூடி, காற்றை வெளியேற்றி, வெள்ளைத் துண்டின் மேல் கவிழ்த்துவிட்டு, “பாருங்க, ஒரு சொட்டு விழலை. ஆனா சின்னக் குடும்பத்துக்கு இந்தப் பெரிய சைசு வேண்டாம், பணம் வேஸ்ட்” என்று அறுபது வயதுப் பெண் சொல்லும்போது வரும் நம்பிக்கை, கம்பெனிப் பயிற்சியில் மனப்பாடம் செய்த வாக்கியங்களில் வராது. வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும் விற்பனையாளரிடம்தான் வாடிக்கையாளர் மறுபடி வருவார்.

கூட்டம் முடிந்த பிறகே உண்மையான வேலை தொடங்குகிறது. சரக்குப் பெட்டி வந்ததும் பில்லோடு சரிபார்க்க வேண்டும். ஆர்டர் வாரியாகப் பிரித்துப் பையில் போட்டுப் பெயர் எழுத வேண்டும். வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். நிறம் மாறி வந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டும். பாக்கியைக் கேட்டு வாங்க வேண்டும். லிஃப்ட் இல்லாத நாலு மாடிக் கட்டடங்களில் ஏறி இறங்குவதும், உறவுக்காரரிடம் பணம் கேட்பதும்தான் இந்தத் தொழிலில் பெண்களைச் சோர்வடையச் செய்பவை. கல்லூரியில் படிக்கும் மகன் டெலிவரியையும், கணவர் பாக்கி வசூலையும் ஏற்றுக்கொண்டால், இவற்றைவிட மேலான உதவி வேறில்லை.

நோட்டுப் புத்தகத்தில் தெரியும் உண்மை

கணக்கில்தான் குடும்பங்கள் பெரும்பாலும் கோட்டை விடுகின்றன. ‘பன்னிரண்டாயிரத்துக்கு ஆர்டர் வந்தது’ என்ற மகிழ்ச்சியில், கையில் நின்றது எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஓர் உதாரணம் பார்ப்போம். ஆர்டர் 12,000 ரூபாய், விற்பவருக்கு 20 சதவீதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 2,400 ரூபாய். காபி, பலகாரம் 700. ஆட்டோ, ரயில், போன் 350. கேட்லாக், சாம்பிள் 250. வந்தவர்களுக்குச் சின்னப் பரிசு 200. மொத்தச் செலவு 1,500. மிச்சம் 900. அழைப்பு விடுத்ததிலிருந்து கடைசி பாக்கி வசூலாகும் வரை அவர் உழைத்த நேரம் 15 மணி என்றால், மணிக்கு 60 ரூபாய். இதில் பெரியம்மா ஒருவர் 900 ரூபாய் டப்பாவுக்கு ‘அப்புறம் தரேன்’ என்று சொல்லிவிட்டால், அந்த மாத உழைப்பு முழுவதும் போயிற்று.

இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவது அவரை நிறுத்தச் சொல்வதற்காக அல்ல. எங்கே செலவு குறைக்கலாம், எந்தப் பொருளில் கமிஷன் அதிகம், எந்தத் தெருவில் மறு ஆர்டர் வருகிறது என்று அவரே முடிவெடுக்க இது உதவும். வீட்டுச் செலவுப் பணத்தோடு கலக்காமல் தனி வங்கிக் கணக்கு, தனி யுபிஐ, தனி நோட்டு வேண்டும். விற்காத சரக்கு எவ்வளவு பீரோவின் மேல் இருக்கிறது என்பதையும் அந்த நோட்டில் எழுத வேண்டும். கம்பெனி ‘டார்கெட்’டை எட்டுவதற்காகச் சொந்தப் பணத்தில் வாங்கி அடுக்கிய சரக்கு விற்பனை ஆகாது. அது கடன்.

நாடு முழுவதற்குமான கணக்கும் இதைத்தான் சொல்கிறது. இந்திய நேரடி விற்பனைச் சங்கம் வெளியிட்ட ஆய்வின்படி 2022-23-இல், வீட்டுக்கூட்ட விற்பனையும் அடங்கிய இத்துறையின் மொத்த விற்பனை சுமார் 21,000 கோடி ரூபாய், விற்பனையாளர்கள் சுமார் 86 லட்சம் பேர். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 25,000 ரூபாய், மாதத்துக்கு இரண்டாயிரத்தைச் சற்று தாண்டும். இது வருமானம் அல்ல, விற்பனை. இதிலிருந்து கிடைக்கும் கமிஷன் சில நூறு ரூபாய்தான். இவர்களில் பலர் தம் வீட்டுத் தேவைக்கு மட்டும் வாங்குபவர்கள், சிலர் நிறையச் சம்பாதிப்பவர்கள் என்பதும் உண்மை. ஆனாலும், ‘ஆறே மாதத்தில் கார்’ என்று மேடையில் பேசுவோரின் முன்னால் வைக்க வேண்டிய எண் இது.

எங்கே கோடு கிழிப்பது?

சரக்கு விற்பது ஒன்று, ஆள் சேர்ப்பது வேறொன்று. “அக்கா, நீங்க டப்பா விக்க வேண்டாம். உங்களுக்குக் கீழே மூணு பேரைச் சேருங்க, அவங்க ஆளுக்கு மூணு பேரைச் சேர்க்கட்டும்” என்று அப்லைனில் இருப்பவர், அதாவது அவரைச் சேர்த்துவிட்டவர், சொல்லத் தொடங்கும் நாளில் குடும்பம் விழித்துக்கொள்ள வேண்டும். பொருள் வாங்கியவர்களிடமிருந்து வரும் வருமானம் நேர்மையானது. புதிதாகச் சேருவோர் கட்டும் பணத்திலிருந்து வருவது, என்றோ ஒருநாள் கடைசியாகச் சேர்ந்தவரின் நஷ்டத்தில் முடியும். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் நம் சொந்தக்காரராகவே இருப்பார்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978-லிருந்தே உள்ளது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நேரடி விற்பனை விதிகள் 2021 டிசம்பர் 28 அன்று அறிவிக்கப்பட்டன. இப்படி ஆள் சேர்ப்பதை வைத்தே பணம் தரும் பிரமிட் திட்டங்களை அவை தடை செய்கின்றன. விற்பனையாளராகச் சேர நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும். சேர்ந்தவர் அபராதமின்றி விலகிக்கொள்ளக் குறிப்பிட்ட கால அவகாசம் தர வேண்டும். அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் விற்பனையாளர் யாருடைய வீட்டுக்கும் போகக் கூடாது. கிடைக்கப்போகும் வருமானத்தை மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது. தனக்குக் கீழே சேர்ந்தவர்களை அளவுக்கு மீறிச் சரக்கு வாங்கத் தூண்டக் கூடாது. ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

பெரிய பெயர் என்பதாலேயே கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. 2013-இல் ஆள் சேர்ப்பு முறையில் விற்கும் க்யூநெட் நிறுவனம் மீதான புகார்களை மும்பைக் காவல் துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கத் தொடங்கியது. 2022 ஏப்ரலில் ஆம்வே இந்தியாவின் 757 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை, பிரமிட் முறை மோசடி என்று குற்றம் சாட்டி அமலாக்கத் துறை முடக்கியது. விசாரணைக்கு ஒத்துழைத்து வருவதாக அந்த நிறுவனம் கூறியது. 2024 செப்டம்பரில் டப்பர்வேரின் தாய் நிறுவனமே அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அங்கே மோசடிக் குற்றச்சாட்டு ஏதும் இல்லை, கடனும் விற்பனைச் சரிவும்தான் காரணம். ஆனாலும் பாடம் ஒன்றே: ஒரே கம்பெனியை நம்பி ஒரு குடும்பம் தன் எதிர்காலத்தை வைக்க முடியாது.

சொத்து எது?

கம்பெனி மாறலாம், கேட்லாக் மாறலாம். அந்தப் பெண்ணை நம்பிக் கதவு திறக்கும் ஐம்பது வீடுகள் மாறுவதில்லை. அவருடைய சொத்து அந்தப் பட்டியல்தான். யார் வீட்டில் எத்தனை பேர், யார் என்ன வாங்கினார், யாருக்கு எப்போது மறுபடி தேவைப்படும் என்ற விவரங்கள் கம்பெனியின் ஆப்பில் மட்டும் இருக்கக் கூடாது, அவருடைய கையெழுத்தில் அவருடைய நோட்டிலும் இருக்க வேண்டும். தாராவிப் பெண்களுக்கு இது இன்னும் அவசியம். மறுசீரமைப்புத் திட்டம் 2023-இல் அதானி குழுமத்துக்கு வழங்கப்பட்ட பிறகு, யாருக்கு எங்கே வீடு என்ற கவலை எல்லாச் சந்துகளிலும் இருக்கிறது. சந்து கலைந்தாலும் வாடிக்கை கலையாமல் இருக்கத் தொலைபேசி எண்களாவது கையில் இருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒருநாள் சொந்தச் சரக்கையும் விற்கலாம். இட்லிப் பொடி, வத்தக்குழம்புப் பொடி, வடாம், முறுக்கு, ஊரிலிருந்து எடுத்துவரும் சுங்குடிச் சேலை என்று மும்பைத் தமிழ்ப் பெண்கள் விற்கக்கூடியவை ஏராளம். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவைப் பெறுவது அவசியம். அந்தப் படிவத்தை நிரப்பித் தருவதும் குடும்பம் செய்யக்கூடிய உதவியே. இந்த நகரத்தில் அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1959 மார்ச் 15 அன்று கிர்காமில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டார்கள். அதுவே லிஜ்ஜத். இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் உறுப்பினர்கள். அப்பளம் இடுபவர்களே உரிமையாளர்கள், லாபம் அவர்களுக்கே. தொடங்கிய எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஒரு மாபெரும் நிறுவனத்தை வளர்த்த பிரவுனி வைசுக்குக் கிடைக்காத உரிமை, கிர்காம் மாடியில் மாவு பிசைந்தவர்களுக்குக் கிடைத்தது.

சயானில் இருக்கும் மும்பைத் தமிழ்ச் சங்கமும், மாட்டுங்கா, செம்பூர், தாராவியில் இயங்கும் மற்ற தமிழ் அமைப்புகளும் இதற்கு மனது வைக்கலாம். வார நாட்களில் காலியாக இருக்கும் அரங்கை மாதம் ஒருமுறை குறைந்த வாடகைக்குப் பெண்களின் விற்பனைக்குத் திறந்துவிடலாம். நேரடி விற்பனை விதிகளைத் தமிழில் இரண்டு பக்கம் அச்சடித்துக் கொடுக்கலாம். கணக்கு எழுத ஒரு நாள் பயிற்சி வைக்கலாம். ஒற்றை அறை வீட்டில் கூட்டம் வைக்க முடியாத பெண்ணுக்கு அது பெரிய வாசலைத் திறக்கும்.

வீட்டில் கேட்லாக் வைத்திருக்கும் பெண் யாராக இருந்தாலும், அவரை வியாபாரியாக மதியுங்கள். பொருள் தேவையென்றால் வாங்குங்கள், அன்றைக்கே பணத்தைக் கொடுங்கள். தேவையில்லை என்றால் நேராகச் சொல்லிவிட்டு, தேவைப்படும் இன்னொருவரை அறிமுகப்படுத்துங்கள். பையைத் தூக்கிக்கொண்டு டெலிவரிக்குப் போங்கள். மாதக் கடைசியில் நோட்டை எடுத்து அவரோடு உட்காருங்கள். உங்களையும் உங்கள் தங்கையையும் சங்கிலியில் சேர்க்கச் சொல்லி அவரை யாராவது நெருக்கினால், அவருக்காக நீங்கள் ‘முடியாது’ என்று சொல்லுங்கள்.